போன்ல சார்ஜ் ஏற மாட்டேங்கா? போர்டு போச்சுன்னு நம்புறதுக்கு முன்னால வீட்டுலயே பாக்க வேண்டியது

பாளையங்கோட்டையில பத்து வருஷத்துக்கும் மேல செல்போன் சர்வீஸ் பாக்கேன். டிஸ்ப்ளே ஒடைஞ்சு வரும், ஸ்பீக்கர் அடைச்சு வரும், பேட்டர்ன் மறந்து வரும், ஆனா ஒரு நாள் கூட விடாம கடைப்படி ஏறுற கம்ப்ளெய்ன்ட் ஒண்ணுதான், "அண்ணாச்சி, சார்ஜ் ஏற மாட்டேங்கு".

கொஞ்ச நாளைக்கு முன்னால முக்கூடல்ல இருந்து ஒரு ஆச்சி வந்தாங்க, பீடி சுத்துறவங்க. சுளகை மடியில வச்சு சுத்தும்போது போனும் அந்தச் சுளகுலயேதான் கெடக்கும் போல. "எய்யா, வேற கடையில காட்டுனேன், போர்டு போச்சு மூவாயிரம் ஆகும்னுட்டான், மூவாயிரத்துக்கு நான் எங்கய்யா போவேன், பேரன் வெளிநாட்டுல இருந்து இதுலதான் மூஞ்சியக் காட்டிப் பேசுதான்"னு சொல்லும்போதே கண்ணு கலங்கிட்டு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். சார்ஜிங் ஓட்டைக்குள்ள பீடித்தூளும் துணிப்பஞ்சும் சேந்து அடியில தட்டு மாதிரி அமுங்கிக் கெடக்கு. பல்குத்துற மரக்குச்சிய சீவி மெதுவா நிமிண்டுனா முதல்ல கடுகு கடுகா நாலஞ்சு உருண்டை விழுந்துச்சு, அப்புறம் வெட்டுன நகத்துண்டு மாதிரி ஒரு தகடு முழுசா வந்துட்டு. வயரைச் செருகுனதும் டக்குனு உள்ள போய் உக்காந்து மின்னல் படம் வந்துச்சு. அவ்வளவுதான் கோளாறு.

அந்த ஆச்சி முதல்ல போன கடைக்காரன் டார்ச் அடிச்சுக் கூட பாக்கலைங்கறதை நெனைச்சா இன்னும் வயிறு எரியுது. அதனாலதான் இதை எழுதுதேன். டைப்-சி பின் உள்ள, பின்மூடி கழட்ட முடியாத ஆண்ட்ராய்டு போனுக்குதான் இது, 5000 எம்ஏஎச் பேட்டரின்னு வச்சுக்கிடுங்க, இப்ப நெறைய பேர் கையில இருக்கறது அதுதான். ஒவ்வொரு தலைப்பும் ஒரு அறிகுறி, உங்க போன் என்ன பண்ணுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க. காசு செலவில்லாத காரணம் முதல்ல, பெரிய செலவு கடைசியில, அந்த வரிசையை மட்டும் மாத்தாதீங்க.

கையில வேண்டியது நல்லா ஏறுதுன்னு தெரிஞ்ச இன்னொரு வயர், இன்னொரு அடாப்டர் (பக்கத்து வீட்டுல கேளுங்க), ஒரு டார்ச், ஒரு மரக்குச்சி. யூஎஸ்பி டாக்டர்னு வெரல் அளவுக்கு ஒரு மீட்டர் விக்குது, அடாப்டருக்கும் வயருக்கும் நடுவுல மாட்டுனா எத்தனை வோல்ட் எத்தனை ஆம்பியர் போகுதுன்னு காட்டும். வீட்டுல நாலஞ்சு போன் இருந்தா வாங்கி வைங்க, பல தடவை கடைக்கு வர்ற அலைச்சல் மிச்சம்.

செருகுனா ஒண்ணுமே நடக்கல, போன் செத்த மாதிரி கெடக்கு

முதல்ல பிளக் பாயிண்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டிருந்தா அதை விட்டுட்டு செவத்து பாயிண்ட்ல நேரா போடுங்க, அங்கயே அதே அடாப்டர், அதே வயர்ல வேற போனைப் போட்டு அது ஏறுதான்னு பாருங்க. அது ஏறுச்சுன்னா பாயிண்ட், அடாப்டர், வயர் மூணும் சரி, கோளாறு உங்க போன் பக்கம். அதுவும் ஏறலைன்னா வயரை மட்டும் மாத்திப் பாருங்க, அப்புறம் அடாப்டரை மட்டும் மாத்திப் பாருங்க, ரெண்டையும் ஒண்ணா மாத்துனா எது போச்சுன்னே தெரியாம நல்ல அடாப்டரைத் தூக்கிப் போட்டுருவீங்க. பெரும்பாலும் போறது வயர்தான், அதுவும் தலைக்குக் கீழ வளையுற கழுத்துல, வெளிய ரப்பர் நல்லாத்தான் இருக்கும் உள்ள செம்பு அறுந்திருக்கும்.

அடுத்தது ஓட்டை. வயரை அழுத்திச் செருகிட்டு பக்கவாட்டுல பாருங்க, வயரோட இரும்பு மூக்கு முழுசா உள்ள போயிருக்கணும், டக்குனு ஒரு பிடிமானம் கையில தெரியணும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இரும்பு வெளிய தெரிஞ்சாலோ லேசா இழுத்தா வழுக்கி வந்துட்டாலோ உள்ள குப்பை இருக்குன்னு அர்த்தம். கூட இருக்கறவங்க போன்ல அதே வயரைச் செருகிப் பக்கத்துல வச்சுப் பாத்தீங்கன்னா வித்தியாசம் உடனே தெரியும். பீடித்தூள் மட்டும் இல்ல, ஆடி மாசக் காத்துல வள்ளியூர் பணகுடி பக்கத்துல இருந்து வர்ற போன்ல மணல், ரைஸ் மில்லுல வேலை பாக்கறவங்க போன்ல தவிட்டுத் தூசி, ஜீன்ஸ் பாக்கெட்ல வைக்கறவங்களுக்கு நூல் நூலா பஞ்சு, எல்லாம் பாத்திருக்கேன்.

எடுக்கற விதம் முக்கியம், இதுல அவசரப்படாதீங்க. போனை ஆஃப் பண்ணுங்க. மரக்குச்சி முனையை பிளேடால தட்டையா சீவிக்கிடுங்க, ஊக்கு, குண்டூசி, சிம் எடுக்கற பின் எதுவும் வேண்டாம். ஓட்டைக்கு நடுவுல சின்ன நாக்கு மாதிரி ஒண்ணு இருக்கும், அதுலதான் பின் எல்லாம் வரிசையா பதிஞ்சிருக்கு, டைப்-சியில மொத்தம் 24 பின், அந்த நாக்கு ஒடைஞ்சா அஞ்சு பைசா செலவில்லாத வேலை பெரிய செலவுல போயி நிக்கும். அதனால நாக்கைத் தொடாம மேல் செவரு ஓரமா, அப்புறம் கீழ் செவரு ஓரமா குச்சியை விட்டு, அடி வரைக்கும் போயி வெளிப்பக்கமா வாரி எடுங்க. ஓட்டை தரையப் பாத்த மாதிரி பிடிங்க, குப்பை கீழ விழும். வாயால ஊதாதீங்க, எச்சி ஈரம் உள்ள போயிடும். ஒரு தடவை எடுத்துட்டு இல்லைன்னு விடாதீங்க, அந்தத் தகடு மாதிரி அமுங்குனது நாலாவது அஞ்சாவது தடவைதான் பேந்து வரும்.

சுத்தம் பண்ணியும் ஒண்ணும் இல்லையா, போன் ரொம்ப நாள் சும்மா கெடந்துச்சான்னு யோசிங்க. பீரோவுக்குள்ள ஒரு மாசம் போட்டு வச்ச போன் அடி வரைக்கும் எறங்கிருக்கும், செருகுனதும் திரை எதையும் காட்டாது. சாதா அடாப்டர்ல போட்டு ஒரு மணி நேரம் தொடாம விடுங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பாக்காதீங்க.

அதுக்கும் மசியலைன்னா பவர் பட்டனையும் வால்யூம் கொறைக்கற பட்டனையும் சேத்து 20 செகண்ட் வரைக்கும் அமுக்கிப் பிடிங்க, மென்பொருள் தொங்கிப் போயி திரை கறுப்பா நின்னிருந்தா மறுபடி ஓடும். இன்னொண்ணு, அந்த நம்பருக்கு வேற போன்ல இருந்து கூப்பிட்டுப் பாருங்க. ரிங் சத்தம் கேட்டுச்சுன்னா போன் உயிரோடதான் இருக்கு, போனது டிஸ்ப்ளே, சார்ஜுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சார்ஜ் ஏறலைன்னு வந்து கடைசியில காம்போ, அதாவது டிஸ்ப்ளேயும் டச்சும் சேந்த திரை, மாத்துன போன் எத்தனையோ.

மீட்டர் வச்சிருந்தா இங்கதான் உதவும். ஆம்பியர் 0ன்னே நின்னா கரண்டே உள்ள போகல, கோளாறு சார்ஜிங் பின்ல, இல்லன்னா அது இருக்கற சின்ன போர்டுல (சிசி போர்டு). ஒரு ஆம்பியருக்கு மேல நிலையா ஓடி போனும் லேசா சூடாச்சுன்னா உள்ள ஏறிக்கிட்டுத்தான் இருக்கு, கோளாறு திரையிலயான்னு பாருங்க. ஒரு நொடி கொஞ்சம் ஏறி, 0க்கு வந்து, மறுபடி ஏறி, இப்படி ஒரு மணி நேரம் கழிச்சும் துடிச்சுக்கிட்டே இருந்தா அது கடைக்காரன் பாக்க வேண்டியது.

கடைக்குன்னு வந்தாச்சுன்னா ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. நெறைய மாடல்ல சார்ஜிங் பின் கீழ தனியா ஒரு சின்ன போர்டுல இருக்கும், அதைத்தான் சிசி போர்டுங்கோம், அதை மட்டும் கழட்டி மாத்துனா போதும், சில நூறு ரூபாய் வேலை. சில மாடல்ல பின்னை மெயின் போர்டுலயே பத்த வச்சிருப்பாங்க, அதுக்கு ப்ளோயர், அதாவது சூடான காத்து அடிக்கற மெஷின், வச்சு எடுத்துப் புதுசு வைக்கணும், கூலி கூடும். இது ரெண்டும் பாத்த பெறகுதான் சார்ஜிங் ஐசி (சார்ஜைக் கட்டுப்படுத்தற சிப்), அதுக்கும் பெறகுதான் போர்டு. எடுத்த எடுப்புலயே போர்டுங்கறவங்க கிட்ட, சிசி போர்டு மாத்திப் பாத்தீங்களான்னு ஒரு கேள்வி கேளுங்க.

கருகுன வாடை அடிச்சாலோ ஓட்டைக்குள்ள கறுப்பா தெரிஞ்சாலோ மேல சொன்ன எதையும் பண்ண வேண்டாம், கழட்டி வச்சுட்டு நேரா கொண்டு வாங்க.

வயரை ஒரு கோணத்துல பிடிச்சாத்தான் ஏறுது

வேற வயர்ல பாருங்க. புது வயர்ல நல்லா ஏறுனா பழைய வயரோட கழுத்து போச்சு, அதோட முடிஞ்சுது. புது வயரும் ஆடுனா மேல சொன்ன மாதிரி குப்பை எடுங்க. அதுக்கும் அப்புறம் ஆடுச்சுன்னா வயரைத் தலைகீழா திருப்பிச் செருகிப் பாருங்க. டைப்-சி எந்தப் பக்கம் போட்டாலும் ஏறணும், ஒரு பக்கம் மட்டும் ஏறி மறுபக்கம் ஏறலைன்னா குப்பை இல்ல, நாக்குல ஒரு பக்கத்துப் பின் தேஞ்சிருக்கு இல்லன்னா பச்சை பூத்திருக்கு. சிசி போர்டு மாத்தற கட்டம் அதுதான், அது வரைக்கும் ஏறுற பக்கமா போட்டு ஓட்டிக்கிடலாம்.

ஆனா ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, மேல எதையாச்சும் பாரம் வச்சு ஏத்தறது மட்டும் வேண்டவே வேண்டாம். விட்டு விட்டுத் தொடுற இடத்துல சூடு ஏறும், பின் கருகும், பக்கத்துலயே பாய் தலையணை எல்லாம் கெடக்கும். பத்தமடைப் பாயில போன் அளவுக்கு ஒரு கறுத்த வட்டம் விழுந்ததை ஒரு வீட்டுல என் கண்ணால பாத்தேன், ராத்திரி முழிப்பு வந்ததால தப்பிச்சாங்க.

ஏறுது, ஆனா விடிய விடிய ஏறுது

எவ்வளவு நேரம் ஆகணும்னு ஒரு கணக்கு வச்சுக்கிட்டா நல்லது. 5000 எம்ஏஎச் பேட்டரின்னா சுமாரா 19 வாட்-ஹவர், அதாவது 19 வாட்ல ஒரு மணி நேரம் ஏத்துற அளவு, வழியில கொஞ்சம் வீணாகறது தனி. பழைய 10 வாட் அடாப்டர்ல போட்டா ரெண்டரை மூணு மணி நேரம் ஆகத்தான் செய்யும், அது கோளாறு இல்ல. லேப்டாப்ல செருகி ஏத்துனீங்கன்னா சாதாரண ஓட்டையில ரெண்டரை வாட்தான் வரும், எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுவும் கோளாறு இல்ல. 33 வாட் அடாப்டர் போட்டும் மூணு மணி நேரம் ஆகுதுன்னா அப்பதான் தேடணும்.

முதல் சந்தேகம் வயர் மேல. சில கம்பெனி ஃபாஸ்ட் சார்ஜ் அவங்க அடாப்டரும் அவங்க வயரும் சேந்தாத்தான் வேலை செய்யும், பஜார்ல அம்பது ரூபாய்க்கு வாங்குன வயர் போட்டா சாதா சார்ஜ்தான். பெட்டியில வந்த வயரை வீட்டுல தம்பியோ தங்கச்சியோ மாத்தி எடுத்திருப்பாங்க, ஒவ்வொருத்தர் வயருக்கும் ஒரு கலர் நூல் கட்டிடுங்க, எங்க வீட்டுல அப்படித்தான் வச்சிருக்கோம். அதுக்கப்புறம் செட்டிங்ஸ்ல பேட்டரி பக்கம் போயி ஃபாஸ்ட் சார்ஜிங் ஆன்ல இருக்கான்னு பாருங்க, அப்டேட் ஆன பெறகு சில போன்ல அது ஆஃப் ஆகிக் கெடக்கும்.

பெறகு சூடு. நம்ம ஊர்ல இதுதான் பாதிக் காரணம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்தக் கூடாது, அதனால சூடு ஏற ஏற போனே தன்னால ஆம்பியரைக் கொறைச்சுக்கிடும், ரொம்பச் சூடாச்சுன்னா நிறுத்திரும். அக்னி நட்சத்திரத்துல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ, கனமான ரப்பர் கவரோட, தலையணைக்கு அடியில போட்டா எந்த வாட் அடாப்டரும் ஏத்தாது. கவரைக் கழட்டுங்க, செவந்த சிமெண்டுத் தரை மேல வைங்க, ஃபேன் காத்து படட்டும். அதே வயர் அதே அடாப்டர்ல வித்தியாசம் தெரியும். பிரிட்ஜுக்குள்ள மட்டும் வச்சிராதீங்க, உள்ள வேர்த்து ஈரம் கட்டிரும்.

பைக் ஹேண்டில்ல மாட்டி மேப் பாத்துக்கிட்டே பைக் சார்ஜர்ல போடுறவங்க, நேர் வெயில்ல அது ஏறாது, மேப் ஓடுற செலவுக்கு ஈடு குடுத்தாலே பெருசு. நெல்லை எக்ஸ்பிரஸ்ல போகும்போது விட்டு விட்டு ஏறுதுன்னு சிலர் கொண்டு வந்து காட்டுதாங்க, ரயில் பெட்டியில வர்றது 110 வோல்ட், அடாப்டர் மேல 100-240ன்னு போட்டிருந்தா அது தாராளமா போதும், அங்க பிரச்சினை சாக்கெட் லூசா இருக்கறது.

புது அடாப்டர் வாங்குனா மேல பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் எழுத்துல ஆரம்பிக்கற எட்டு இலக்க நம்பரும் இருக்கான்னு பாருங்க, பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பரைப் போட்டா எந்தக் கம்பெனிக்குக் குடுத்ததுன்னு வரும். நம்பர் வேற கம்பெனி பேரைக் காட்டுனா அதை வாங்காதீங்க.

மின்னல் படம் இருக்கு, பர்சென்ட் மட்டும் நிக்குது, இல்லன்னா எறங்குது

உள்ள வர்றதை விட வெளிய போறது கூடன்னு அர்த்தம். போனை ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரம் ஏத்திப் பாருங்க. ஆஃப்ல நல்லா ஏறுனா பின், வயர், பேட்டரி எல்லாம் சரி, உள்ள எதுவோ தின்னுது. ஆஃப்லயும் ஏறலைன்னா முந்துன தலைப்புக்குத் திரும்பிப் போங்க.

எதுவோ தின்னுதுன்னா முதல்ல ஹாட்ஸ்பாட். வீட்டு டிவிக்கு போன்ல இருந்து நெட் குடுத்துட்டு மறந்து போயி விட்டிருப்பாங்க. அடுத்தது சிக்னல். மாஞ்சோலை, பாபநாசம் மேல, களக்காடு தலையணை இந்தப் பக்கம் எல்லாம் டவர் கெடைக்காம போன் தேடிக்கிட்டே இருக்கும், அந்தத் தேடல்லயே பேட்டரி கரையும். ரெண்டு சிம்ல ஒண்ணு ரீசார்ஜ் இல்லாம சும்மா கெடந்தா அதை ஆஃப் பண்ணிடுங்க. 5ஜி வந்து வந்து போற ஊர்ல நெட்வொர்க்கை 4ஜிக்கு மாத்தி ஒரு நாள் வச்சுப் பாருங்க. செட்டிங்ஸ்ல பேட்டரி யூசேஜ்ல எந்த ஆப் மேல நிக்குதுன்னு தெரியும், பேரு தெரியாத ஆப் மேல நின்னா, அதுவும் ஏதாவது லிங்க்ல வந்து எறங்குன ஆப்னா, உடனே தூக்குங்க, அது பேட்டரியை மட்டும் திங்கற சாமான் கெடையாது.

எது தின்னுதுன்னு பிடிபடலைன்னா சேஃப் மோட். பவர் பட்டனைப் பிடிச்சு, பவர் ஆஃப்ங்கற படத்தையே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தா நெறைய போன்ல சேஃப் மோட் வேணுமான்னு கேக்கும். அதுல நாம ஏத்துன ஆப் எதுவும் ஓடாது. சேஃப் மோட்ல ஒழுங்கா ஏறுனா ஆப்தான் காரணம், கடைசியா ஏத்துன ஆப்ல இருந்து ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே வாங்க. சேஃப் மோட்லயும் எறங்குனா, எல்லாத்தையும் பேக்கப் எடுத்துட்டு ரீசெட் போட்டுப் பாக்கலாம், அதுக்கும் சரியாகலைன்னாத்தான் போர்டுல எங்கயோ கரண்ட் ஒழுகுது, கடைக்குக் கொண்டு வரணும்.

சரியா 80ல நின்னு போச்சு

இது கோளாறே இல்ல. பேட்டரி ரொம்ப நாள் வரணும்னு போன்லயே வச்சிருக்கற வசதி, சாம்சங்ல பேட்டரி ப்ரொடெக்ஷன்னு இருக்கும், பிக்சல்ல அடாப்டிவ் சார்ஜிங்னு இருக்கும். வேண்டாம்னா ஆஃப் பண்ணுங்க. நான் என் போன்ல ஆன்லதான் வச்சிருக்கேன்.

சொட்டுத் தண்ணி படம் வருது, ஈரம் இருக்குன்னு சொல்லுது

ஈரம் இருக்குன்னு போன் சொன்னா முதல்ல அதை நம்புங்க. வயரைக் கழட்டுங்க, ஓட்டை கீழ பாத்த மாதிரி உள்ளங்கையில லேசா தட்டுங்க, ஃபேனுக்கு முன்னால சாச்சு வச்சு நாலஞ்சு மணி நேரம் விடுங்க. தலைமுடி காய வைக்கற மெஷினைக் கொண்டு போகாதீங்க, சூட்டுல உள்ள இருக்கற பசை எளகிரும். ஈரத்தோட ஏத்துனா கரண்ட் போற பின் அரிச்சு பச்சை பூக்கும், அது பெறகு எப்பவும் தொல்லைதான். வயர்லெஸ் சார்ஜிங் உள்ள போனா இருந்தா அவசரத்துக்கு அதுல ஏத்திக்கிடலாம், பின்பக்கத்தைத் தொடைச்சுட்டு.

ஒரு நாள் முழுக்க காஞ்ச பெறகும் படம் போகலையா, வயர் மூக்குல ஈரமோ அழுக்கோ இருக்கும், வேற வயர் போட்டுப் பாருங்க. வேர்வையும் உப்பும் சேந்த அழுக்கைப் போன் தண்ணின்னே நெனைச்சுக்கிடும், அதனால குப்பை எடுக்கற வேலையையும் ஒரு தடவை பண்ணுங்க. சாம்சங்ல ஆப்ஸ் லிஸ்ட்ல சிஸ்டம் ஆப்ஸையும் காட்டச் சொல்லி, யூஎஸ்பி செட்டிங்ஸ்னு இருக்கறதுல கேச்சை (Cache) கிளியர் பண்ணி ரீஸ்டார்ட் போட்டா போயிருக்கு. அதுக்கும் நின்னா சிசி போர்டைத் தெறந்து கழுவிப் பாக்கணும், கழுவுனாலே பல தடவை சரியாயிரும், மாத்த வேண்டி வராது.

முப்பது பர்சென்ட் இருக்கும்போதே பொசுக்குனு ஆஃப் ஆகுது

வயர், பின் பக்கம் போகாதீங்க, இது பேட்டரி. ஆனா பேட்டரிக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு சோதனை. போனைத் தன்னால ஆஃப் ஆகற வரைக்கும் ஓட்டுங்க, ஆஃப்லயே வச்சு 100 வரைக்கும் நடுவுல கழட்டாம ஏத்துங்க, ஏறுன பெறகும் ஒரு மணி நேரம் விடுங்க. பர்சென்ட் கணக்குல தப்பு விழுந்திருந்தா இதுல நேராயிரும். அடிக்கடி இதைப் பண்ணக் கூடாது, அடி வரைக்கும் எறக்கறது பேட்டரிக்கு நல்லதில்ல.

அதுக்கப்புறமும் 30ல, 25ல ஆஃப் ஆச்சுன்னா, அதுவும் கேமரா தெறக்கும்போதோ வீடியோ கால் எடுக்கும்போதோ ஆஃப் ஆச்சுன்னா, பேட்டரி தேஞ்சு போச்சு. 500 தடவை முழுசா ஏறி எறங்குனா 80 பர்சென்ட் கொள்ளளவுக்கு வந்துரும்ங்கறது பழைய கணக்கு. இப்ப ஐரோப்பாவுல 2025 ஜூன்ல இருந்து விக்கற போனுக்கு 800 தடவைக்குப் பெறகும் 80 பர்சென்ட் நிக்கணும்னு விதி போட்டுட்டாங்க, அதனால புது போன்ல நெலைமை பரவாயில்ல. புது ஆண்ட்ராய்டு உள்ள சில போன்ல அபௌட் போன் பக்கமோ பேட்டரி பக்கமோ சைக்கிள் கவுண்ட்டும் (எத்தனை தடவை முழுசா ஏறி எறங்குச்சுங்கற கணக்கு) பேட்டரி ஹெல்த்தும் காட்டும், இருந்தா பாருங்க.

பேட்டரி மாத்தறது தப்பே இல்ல, மூணு நாலு வருஷம் ஓடுன போனுக்குப் பேட்டரி மாத்துனா இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம், புது போன் வாங்க வேண்டாம். முடிஞ்சா கம்பெனி சர்வீஸ் சென்டர்ல போடுங்க, விலை கூடதான், ஆனா வெளிய கெடைக்கற டூப்ளிகேட்ல 5000ன்னு ஸ்டிக்கர் ஒட்டிருக்கும், உள்ள சரக்கு அவ்வளவு இருக்காது, ஆறு மாசத்துல திரும்ப வந்து நிப்பீங்க. வெளிக்கடையில போட்டா என்ன பேட்டரி, எத்தனை மாசம் வாரண்டின்னு பில்லுல எழுதி வாங்குங்க.

பின்மூடி தூக்கிருக்கு, திரை ஓரம் பிளந்திருக்கு

இதுக்கு வீட்டு வைத்தியம் கெடையாது. பேட்டரி உப்பிருக்கு. சார்ஜ்ல இருந்தா கழட்டுங்க, ஆஃப் பண்ணுங்க, அமுக்கி மூடப் பாக்காதீங்க, குத்திக் காத்தை எறக்கலாம்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, குத்துனா தீப்பிடிக்கும். மண்சட்டி இல்லன்னா சிமெண்டுத் தரை, பக்கத்துல துணி, காயிதம், சமையல் கேஸ் எதுவும் இல்லாத எடம், அங்க வச்சுட்டு அன்னைக்கே கடைக்குக் கொண்டு வாங்க. போட்டோ எல்லாம் உள்ள இருக்கே, கடைசியா ஒரு தடவை சார்ஜ் போட்டு எடுத்துக்கிடுதேன்னு சொல்லுதாங்க, வேண்டாம், பேட்டரி மாத்துன பெறகு எல்லாம் அப்படியேதான் இருக்கும், எதுவும் அழியாது. கழட்டுன பேட்டரியைக் குப்பையில போடாதீங்க, கடையிலயே விட்டுருங்க.

ஆத்துல விழுந்துட்டு, மழையில நனைஞ்சுட்டு, பெறகு ஏறல

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நம்ம யாரும் மறந்திருக்க மாட்டோம். திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணி. அடுத்த ரெண்டு வாரம் என் மேசை முழுக்க நனைஞ்ச போன்தான், அதுல நான் பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது இதுதான். தண்ணியில இருந்து எடுத்ததும் ஆஃப் பண்ணி, ஆன் பண்ணாம கொண்டு வந்தவங்க போன் நெறைய பொழைச்சுது. ஓடுதான்னு பாக்கறதுக்கு ஆன் பண்ணி, சார்ஜ்லயும் போட்டுட்டு வந்தவங்க போன்தான் ஷார்ட் ஆகி வந்துச்சு. ஏற்கனவே செத்துக் கெடந்ததை சார்ஜ் போட்டுப் பாத்தவங்க நெலைமையும் அதேதான்.

அரிசிக்குள்ள போட்டா சரியாயிரும்ங்கறது எல்லா வீட்லயும் இருக்கற நம்பிக்கை. அரிசி உள்ள இருக்கற தண்ணிய உறிஞ்சாது, நொய்யும் தவிட்டுத் தூசியும்தான் ஓட்டைக்குள்ள போகும், அரிசியில வைக்காதீங்கன்னு 2024ல ஆப்பிள் கம்பெனியே எழுதிப் போட்டுது. அரிசியில வச்ச ரெண்டு நாள் உள்ள போர்டு அரிச்சுக்கிட்டே இருக்கும், அந்த ரெண்டு நாள்தான் போனோட ஆயுசு.

ஆஃப் பண்ணுங்க, சிம் ட்ரேயை உருவுங்க, தொடைங்க, கொண்டு வாங்க. குறுக்குத்துறையில குளிக்கும்போது விழுந்த நல்ல தண்ணின்னா ஒரு நாள் பொறுக்கும். உவரியில கடல் தண்ணி பட்டுச்சுன்னா சாயங்காலம்னு கூட நெனைக்காதீங்க, உப்பு மணிக்கணக்குல தின்னுரும். தண்ணி, தூசி தாங்கும்னு ஐபி68ன்னு போட்டிருக்கேன்னு கேப்பீங்க, அது நல்ல தண்ணிக்குச் சோதிச்சது, கடலுக்கு இல்ல, கீழ விழுந்து ஓரம் பிளந்த போனுக்கும் இல்ல. சிம் ஓட்டைக்குள்ள வெள்ளையா ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும் பல போன்ல, தண்ணி பட்டா செவப்பாயிரும், செவப்பா இருந்தா வாரண்டி பேச முடியாது, நனைஞ்சதை மறைக்காம சொல்லுங்க. நாங்க தெறந்து ஸ்பிரிட்ல கழுவுவோம், அதை முதல் நாளே செஞ்சாத்தான் பலன்.

கடையில குடுக்கும்போது

முடிஞ்சா பேக்கப் எடுத்துருங்க. சிம்மையும் மெமரி கார்டையும் உருவிக் கையில வச்சுக்கிடுங்க. சாம்சங்ல மெயின்டனன்ஸ் மோட், பிக்சல்ல ரிப்பேர் மோட்னு இருக்கு, அதை ஆன் பண்ணிக் குடுத்தா உங்க போட்டோ, மெசேஜ் எதையும் கடைக்காரன் பாக்க முடியாது. சார்ஜிங் வேலைக்கு உங்க லாக் நம்பரே தேவையில்ல, பின், பேட்டர்ன் கேட்டா எதுக்குன்னு கேளுங்க, யூபிஐ ரகசிய பின் நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க. *#06# போட்டு ஐஎம்இஐ நம்பரை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியா உள்ள அடையாள நம்பரை, ஒரு காயிதத்துல எழுதி வைங்க, திரும்ப வாங்கும்போது ஒத்துப் பாக்கலாம்.

என்ன மாத்தப் போறாங்க, எவ்வளவுன்னு தெறக்கறதுக்கு முன்னால கேளுங்க, தெறந்த பெறகு வேற கோளாறு தெரிஞ்சா போன் பண்ணிச் சொல்லிட்டுச் செய்யச் சொல்லுங்க. மாத்துன பழைய சிசி போர்டைத் திருப்பிக் கேளுங்க. வாங்கும்போது கடையிலயே உங்க வயரைச் செருகி, திருப்பிச் செருகி, ரெண்டு பக்கமும் ஏறுதான்னு பாத்து, பத்து நிமிஷம் உக்காந்து பர்சென்ட் ஒண்ணு ரெண்டு ஏறுறதைக் கண்ணால பாருங்க, ஒரு கால் போட்டு அந்தப் பக்கம் உங்க பேச்சு கேக்குதான்னும் கேளுங்க, ஏன்னா நெறைய மாடல்ல மைக்கும் அதே சிசி போர்டுலதான் இருக்கு. அப்புறம் காசை எடுங்க.